ஜெயலட்சுமி வீட்டுத் தண்ணீர்

எதிர்வீட்டு வங்காளி அக்கா மண்டல் தீதி மொட்டைமாடியில் நின்று, தண்ணீர் வந்துவிட்டதென்று "பானி ஆ கயா!" என ஒரு குரல் கொடுத்தால் எங்கள் சந்தின் பதினோரு வீடும் எழுந்து குழாயடிக்கு ஓடும். தை முடிந்துவிட்டால் போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் பக்கத்துக்கு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். அதுவும் முக்கால் மணி நேரம். ஐந்தரைக்கும் வரும், ஏழுக்கும் வரும், அது அதன் இஷ்டம். வராத நாளில் வரவில்லையே என்று ஒரு அலுப்பு, வந்த நாளில் வந்து தொலைத்துவிட்டதே என்று இன்னொரு அலுப்பு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தேழு வருஷமாக சர்க்கார் ஆபீசில் கிளார்க். ஆபீசில் உழைத்ததைவிட இந்த முக்கால் மணி நேரத்துக்கு உழைத்ததுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பத்து நிமிஷம் துருப்பிடித்த தண்ணீர் வரும். அது கக்கூஸ் டிரம்முக்கு. பிறகு ஹோஸ் வாயில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டுவேன். அந்தத் தண்ணீர் மாடித் தொட்டிக்கும் குளிக்கிற டிரம்முக்கும். கடைசிப் பதினைந்து நிமிஷம்தான் தெளிவாக வரும். அது சமையலறைக் குடங்களுக்கு. குடத்தில் ஒரு ராத்திரி தெளிந்த பிறகு, மேலாக மொண்டு ஃபில்டரில் ஊற்றுவேன். எங்களுடையது எவர்சில்வரில் இரண்டு அடுக்கு ஃபில்டர். மேல் அடுக்கில் கேண்டில் என்கிற வெள்ளைக் கல் இரண்டு நிற்கும். தண்ணீர் அந்தக் கல்லுக்குள் ஊறிக் கசிந்து கீழ் அடுக்கில் சொட்டும். ஆர்.ஓ. மிஷின் வாங்கு, வாங்கு என்று ஆபீசில் பிடுங்கியெடுத்தார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுகிற மிஷினை இந்த ஊரில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு பிசாசு. இதை என் கணவர் நாகலிங்கமே எல்லோரிடமும் சொல்வார். ஃபில்டர் கழுவுவது, கல்லைத் தேய்ப்பது எல்லாம் என் கைதான். சந்தில் யார் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றால் போனாலும் "ஜெயலட்சுமி வீட்டிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வா" என்பார்கள். நானும் கொடுப்பேன், கூடவே அந்தத் தாய்க்கு ஒரு பாட்டம் திட்டும் கொடுத்து அனுப்புவேன். டிசம்பரில் கல் தேய்ந்துவிட்டது என்று சென்னையிலிருந்து புதுக் கல் ஒரு ஜோடி வரவழைத்தேன். மாட்டிய நாளிலிருந்து தண்ணீர் அப்படி ஒரு வேகத்தில் இறங்கியது. "மெயின்லேண்ட் சரக்கு மெயின்லேண்ட் சரக்குதான்" என்று மண்டல் தீதியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் திவ்யாவுக்குக் காய்ச்சல் கண்டது.

திவ்யா என் கொழுந்தன் முனியாண்டியின் மூத்த மகள். அவர்கள் கப்பலில் போகிற இன்னொரு தீவில், ஹட் பேயில் இருக்கிறார்கள். என் மாமனார் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தோட்டம் மூடிய பிறகு என் கணவர் போர்ட் பிளேருக்கு வந்து காண்ட்ராக்ட் வேலை பிடித்துக்கொண்டார். முனியாண்டி அங்கேயே பாக்குத் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டு இருந்துவிட்டான். திவ்யாவுக்கு நர்சிங் சேர ஆசை. டியூஷன் வசதிக்காகப் பதினொன்றாம் வகுப்பிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இது தீவுகளில் வழக்கம்தான். போர்ட் பிளேரில் ஒரு சொந்தம் இருந்தால் பிள்ளை அந்த வீட்டில் தங்கிப் படிக்கும். வைத்துக்கொள்கிறவர்களுக்குப் புண்ணியம் என்பார்கள். தங்குகிற பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்து டைஃபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், வீட்டில் பத்து நாள். நான் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டேன். கஞ்சி, மாத்திரை, ஈரத்துணி, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் டாக்டர் முதல் நாளே ஒரு வார்த்தை சொன்னார்: "தண்ணியால வந்திருக்கும், இல்ல வெளிச் சாப்பாட்டால." அவர் வாயை மூடுவதற்குள் நான், "தண்ணியா இருக்காது டாக்டர்" என்றேன்.

தண்ணீர் இல்லை என்றால் மிச்சம் இருப்பது வெளிச் சாப்பாடு. திவ்யாவின் டியூஷன் அபர்டீன் பஜாரில். அங்கே சாயங்காலம் பானிபூரி வண்டி நிற்கும். காய்ச்சல் இறங்கி அவள் எழுந்து உட்கார்ந்ததும் என் விசாரணையை ஆரம்பித்துவிட்டேன்.

"பஜார்ல பானிபூரி தின்னியா?"

"இல்ல பெரியம்மா."

"டியூஷன் விட்டு அந்த வண்டியத் தாண்டித்தான பஸ்ஸுக்கு வர்ற?"

"தாண்டித்தான் வருவேன். தின்னதில்ல பெரியம்மா."

மறுநாள் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன், தலை துவட்டும்போது கேட்டேன். நான்காம் நாள் காலையில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா பெரியம்மா. ரெண்டு தடவ தின்னேன்" என்றாள்.

"அப்படிச் சொல்லு" என்றேன். கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கே ஹட் பேக்கு போன் போட்டேன். திவ்யாவின் அம்மா உதயா எடுத்தாள். "என் வீட்டுத் தண்ணியில ஒரு குறையும் இல்ல உதயா. உன் பொண்ணுதான் பஜார்ல நின்னு கண்டதையும் தின்னுருக்கா. அவளே ஒத்துக்கிட்டா" என்றேன். பக்கத்தில் முனியாண்டி "என்னவாம்?" என்று கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, வியாழக்கெழம கப்பல்ல வர்றேன். அவளக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"கூட்டிட்டுப் போறியா? பன்னெண்டாவது பரீட்சைக்கு இன்னும் பத்தொம்பது நாள்தான உதயா இருக்கு?"

"அவரு ஒரே பிடியா நிக்கிறாரு. பஜார் சுத்துற பிள்ளைக்குப் படிப்பு ஒரு கேடாங்குறாரு. அடுத்த வருசம் எழுதட்டுமாம்."

அடுத்த வருஷம் என்று ஒன்று வராது. அது எனக்குத் தெரியும், உதயாவுக்கும் தெரியும். ஹட் பேயிலேயே ஒரு பையன் வீட்டார் போன தீபாவளியிலிருந்து முனியாண்டியிடம் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடியட்டும் என்று உதயாதான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒரு பானிபூரிக்குப் போயி படிப்ப நிறுத்துவாங்களா?" என்றேன்.

"நீங்கதான அக்கா சொன்னீங்க" என்றாள் உதயா.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். திவ்யா கதவருகில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கையிலிருந்த பயாலஜி புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போனாள். காய்ச்சல்காரியை நான் ஏன் தடுக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். களைப்பு. எல்லோர் மேலும் களைப்பு, அவள் மேலும்தான்.

இது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. பிடித்து முடித்து, இடுப்பு ஒடிந்து, ஃபில்டரைப் பிரித்துக் கழுவ உட்கார்ந்தேன். மற்ற நாளில் கல்லைக் கழற்றாமல் மேலாகத் தேய்ப்பதோடு சரி; புதுக் கல் மாட்டிய பிறகு முழுசாகப் பிரிப்பது இதுதான் முதல் தடவை.

கல்லின் காலில் ஒரு திருகாணி இருக்கும். அதை அடுக்கின் ஓட்டைக்குள் விட்டு அடியில் மறை நட்டைப் போட்டு முடுக்க வேண்டும். கல்லுக்கும் அடுக்குக்கும் நடுவில் கருப்பாக ஒரு ரப்பர் வாஷர். அது இருந்தால்தான் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகாது. முதல் கல்லைக் கழற்றினேன், வாஷர் இருந்தது. இரண்டாவது கல்லைக் கழற்றினேன். வெறும் எவர்சில்வர்.

கீழே விழுந்திருக்கும் என்று தரையைத் தடவினேன். இல்லை. கீழ் அடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். அங்கேயும் இல்லை. கல்லை அப்படியே திரும்ப மாட்டி, ஒரு செம்பு கலங்கல் தண்ணீரை மேலே ஊற்றினேன். ஊற்றிய கையோடு அடியில் கோடாக இறங்கியது. கல்லுக்குள் போகவே இல்லை. கல்லின் காலடியைச் சுற்றிக்கொண்டு, கலங்கல் கலங்கலாகவே கீழே ஓடியது. மெயின்லேண்ட் சரக்கின் வேகம் அதுதான்.

எழுந்துபோய் அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.

தீவில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதை வாங்கினாலும் அதோடு வருகிற உதிரிச் சாமானைப் போட மாட்டோம், எடுத்து வைப்போம். மெயின்லேண்டிலிருந்து சாமான் வர வேண்டும், கப்பல் வராத நாளில் என்ன செய்வது என்று ஒரு பயம். குக்கர் வளையம், மிக்ஸி கப்ளர், கேஸ் டியூப் கிளிப், எல்லாம் புதுசாக அந்த டின்னில் தூங்கும். பழசையே மாட்டி ஓட்டிக்கொண்டிருப்போம். புதுக் கல்லோடு புது வாஷரும் ஒரு ஜோடி வந்தது. அது பின் அடித்த பிளாஸ்டிக் உறை பிரியாமல் டின்னுக்குள் அப்படியே இருந்தது.

அந்த டிசம்பர் காலை முழுசாக நினைவுக்கு வந்தது. புதுசை டின்னில் போட்டேன். பழைய வாஷர் இரண்டையும் சாம்பல் போட்டுக் கழுவி ஒரு தட்டில் வைத்தேன். ஒன்றை மாட்டினேன். அப்போது மண்டல் தீதி கத்தினாள். போட்டது போட்டபடி ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. இரண்டாவது கல்லை அவசரத்தில் முடுக்கிவிட்டு, தட்டில் இருந்ததைக் குப்பையோடு குப்பையாகக் கொட்டியிருக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு அல்சர் இருக்கிறது. நான் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிப்பேன், ஆபீசுக்கும் அதுவே. என் கணவருக்குக் காலையில் டீ, பகலெல்லாம் வேலை நடக்கிற இடத்தில் பாட்டில் தண்ணீர், ராத்திரிக்கு ரசமோ மோரோ. ஃபில்டர் தண்ணீரை அப்படியே குடித்தது வீட்டில் ஒருத்திதான். தினமும் இரண்டு பாட்டில் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போனாள். வெளியில் எங்கேயும் வாய் வைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்புவேன்.

முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? யாரும் பார்க்கவில்லையே என்பதுதான். திவ்யா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். உறையைப் பிரித்துப் புது வாஷர் இரண்டையும் போட்டேன். கொதிக்கிற தண்ணீர் விட்டு இரண்டு அடுக்கையும் மூன்று தடவை கழுவினேன். மாட்டி வைத்ததும் சொட்டு, சொட்டு என்று மெதுவாக விழுந்தது. ஆபீசுக்குப் போனேன். நாள் முழுக்க ஒரே ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் மட்டும் சொன்னேன்.

"விடு. பிள்ளைக்குத்தான் சரியாயிருச்சுல்ல" என்றார்.

"படிப்பு போகுதே."

"இப்பப் போயி சொன்னா தம்பி சும்மா இருப்பானா? எம் பிள்ளையக் கொல்லப் பாத்தீங்களானு ஊரு பூராப் பேசுவான். காலம் பூரா அந்தப் பேரு போகாது. அவளே தின்னேன்னு ஒத்துக்கிட்டால்ல? தின்னுமிருப்பா. அதனாலகூட வந்திருக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவளே ஒத்துக்கொண்டாளே. ரெண்டு தடவை தின்றாளே. புதன்கிழமை முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன். மண்டல் தீதி வழக்கம்போல ஒரு பாட்டிலோடு வந்து நின்றாள். நிரப்பிக் கொடுத்தேன். ஜனவரி முழுக்க அந்த ஒழுகல் தண்ணீரைத்தானே கொடுத்திருக்கிறேன். நல்ல வேளை, அவள் எதைக் கொடுத்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கிற ஆள் இல்லை. என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை போலும். அதற்காக அவளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் உதயா கப்பல் ஜெட்டியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு சாக்கில் தேங்காய், ஒரு பையில் கருவாடு. கப்பலில் வாந்தி எடுத்த முகம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பர்ஸிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். சனிக்கிழமை கப்பலுக்கு இரண்டு பேருக்கு எடுத்திருந்தாள்.

"எம் பொண்ணால ஒங்களுக்கு எவ்வளவு கஷ்டம்க்கா. லீவெல்லாம் போட்டுப் பாத்திருக்கீங்க. நான் பெத்தவ, என்னால வந்து நிக்க முடியல. நீங்க இல்லாட்டி அவ பொழச்சிருக்க மாட்டா."

"அதெல்லாம் பேசாத உதயா."

"பேசாம எப்பிடிக்கா? ஒங்க வீட்டுல வச்சு இவ்வளவு செஞ்சும், வெளிய தின்னு ஒங்க பேரக் கெடுத்துட்டாளே." அவள் உள்பக்கம் திரும்பி, "ஏய் திவ்யா, இங்க வா" என்றாள். "பெரியம்மாகிட்ட மன்னிப்புக் கேளு."

திவ்யா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே எழுந்து வந்தாள். காய்ச்சலில் கொட்டியது போக மிச்சமிருந்த முடியைச் சின்னப் பின்னலாகப் போட்டிருந்தாள். என் எதிரில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"மன்னிச்சிருங்க பெரியம்மா."

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நான் நல்லவள் என்பதால் சொல்லவில்லை. அந்தப் பெண் அப்படி நின்றதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நிமிஷம் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று பயந்துபோய்ச் சொன்னேன்.

"அவ ஒண்ணும் தின்னல உதயா. என் தண்ணியாலதான் வந்துச்சு."

உதயாவுக்குப் புரியவில்லை. ஃபில்டரைத் திறந்து காட்டினேன். வாஷர் எங்கே இருக்க வேண்டும், எங்கே இல்லாமல் போயிற்று, பழைய வாஷரை எப்படிக் குப்பையில் கொட்டினேன், புதுசை எப்படி டின்னில் போட்டு வைத்தேன், ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அந்த ரப்பர் வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்க்கா?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கி வியாழன்."

"ஆமா."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்து ஹட் பேக்கு அடித்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்னே நான் கையை நீட்டி வாங்கினேன். இருபத்தைந்து வருஷத்தில் கொழுந்தனிடம் நான் தழைந்து பேசியது கிடையாது.

"முனியாண்டி, மதினி பேசுறேன்" என்று ஆரம்பித்து அவனிடமும் முழுசாகச் சொன்னேன்.

"பிள்ள செத்துருந்தா?" என்றான்.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்காமல் நின்றேன்.

"பரீச்ச என்னிக்கி?"

"மார்ச் ஏழு ஆரம்பம்."

"எழுதிட்டு வரட்டும். தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுங்க." போனை வைத்துவிட்டான். சரி மதினி, போகட்டும் மதினி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

உதயா டிக்கெட்டை எடுத்துத் திரும்பப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். ஒன்றைக் கேன்சல் பண்ண வேண்டும், ஜெட்டிக்கு எந்த பஸ் என்று கேட்டாள். சொன்னேன். பிறகுதான் அவளுக்கு அது தோன்றியது போலிருக்கிறது. மகள் பக்கம் திரும்பினாள்.

"நீதான் தின்னலையேடி. அப்புறம் ஏன் தின்னேன்னு சொன்ன?"

திவ்யா பின்னலின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். நான்தான் பக்கத்தில் இருக்கிறேனே, பேச மாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள்.

"தின்னேன்னு சொன்னா பெரியம்மா ஒரு நாளு திட்டுவாங்கம்மா, அதோட முடிஞ்சிரும். தண்ணியாலதான்னு சொல்லிட்டு, நான் எங்கம்மா போயி இருக்குறது?"

உதயா என்னைப் பார்க்காமல் தேங்காய்ச் சாக்கின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் இந்தப் பெண்ணுக்கு நேரத்துக்குச் சோறு போட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், துணி எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டில் பொய் சொன்னால்தான் இருக்க முடியும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். சரியான கணக்குத்தான். அவள் சொல்லியிருந்தால் நான் என்ன ஆடியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

"இங்கதான் இருப்ப. வேற எங்க போவ?" என்றேன். ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் அதட்டலாகத்தான் வந்தது. எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.

"சரி பெரியம்மா" என்றாள் அவள், எப்போதும் சொல்கிற மாதிரியே.